மூன்று கிலோ குறைய எத்தனை லட்சம்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போகும் ரோடு சைக்கிள்களில் இரண்டு ரகம் உண்டு. நாற்பது, ஐம்பதாயிரத்துக்குள் வாங்கிய அலுமினிய வண்டி ஒன்று. எடை 11 கிலோ இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டிய கார்பன் வண்டி இன்னொன்று, 8 கிலோ. அந்த மூன்று கிலோவுக்கு அவ்வளவு பணம் தகுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பொறுத்தவரை கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில், காற்று அசையாத நேரத்தில், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறார் என்று வையுங்கள். அவர் கால்கள் ஏறக்குறைய 150 வாட் திறன் தர வேண்டும். அதில் 115 வாட்டுக்கு மேல் காற்றை விலக்கவே செலவாகிறது. மீதி, டயர் தரையில் நசுங்கி நிமிர்வதில் போகிறது. வண்டியின் எடை இந்த மீதியில்தான் தலைகாட்டும். மூன்று கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது ஒரு வாட்டுக்குச் சற்று மேல். 50 கி.மீ. தூரத்தில் அது சுமார் இருபது விநாடி. கோவளத்தில் ஒரு டீக்கு நின்றால் அதைப் போலப் பல மடங்கு கரைந்துவிடும்.

காற்றின் கணக்கு இரக்கமில்லாதது. வேகம் கூடக் கூட அதற்கான திறன் மும்மடி விகிதத்தில் ஏறும். 30-ஐ 36 ஆக்கினால் காற்றுக்கு மட்டும் 1.7 மடங்கு உழைக்க வேண்டும். எதிர்க்காற்று வெறும் 10 கி.மீ. வேகத்தில் வீசினாலும் அந்த 150 வாட், 240 வாட் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குத் திரும்புகிறவர்களின் முகத்தில் அறையும் வாடைக்காற்று இதைத்தான் செய்கிறது.

இதற்கு மருந்து உடம்பின் வளைவில் இருக்கிறது. ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, முழங்கையை மடக்கிக் குனிந்தால் 20 வாட்டுக்கு மேல் மிச்சமாகும். ஆனால் ஃப்ரேமின் அளவு உடம்புக்குப் பொருந்தினால்தான் ஒரு மணி நேரம் அப்படிக் குனிந்திருக்க முடியும். அளவு தவறிய மூன்று லட்ச ரூபாய் வண்டி, அளவு சரியான நாற்பதாயிரம் ரூபாய் வண்டியிடம் தோற்கும் என்று தயங்காமல் சொல்வேன். அடுத்தது டயர். மலிவு வண்டிகளோடு வரும் தடித்த டயரைக் கழற்றிவிட்டு, 28 மி.மீ. அகலத்தில் மென்மையான நல்ல டயர் ஒரு ஜோடி மாட்டினால், சில ஆயிரம் ரூபாயில் பத்து வாட்டுக்குக் குறையாமல் கிடைக்கலாம்.

எடைக்கு மதிப்பு ஏற்றத்தில்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் பெரிய ஏற்றம் கிடையாது. வேதகிரி மலைக்கோ படிக்கட்டுதான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உங்கள் வாராந்திரப் பழக்கம் என்றால் கதை வேறு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறும்போது மூன்று கிலோ இரண்டரை நிமிடம் வரை மிச்சப்படுத்தும்.

பிராண்டின் பெயர் ஃப்ரேமில் இருக்கும். அதைச் செய்த கை வேறாக இருக்கலாம். அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு வண்டிகள் பலவற்றைச் செய்வது தைவானின் மெரிடா. ஜயன்ட்டும் 1972-இல் தொடங்கி மற்ற நிறுவனங்களுக்குச் செய்துகொடுத்தே வளர்ந்தது. நம் அம்பத்தூரில் 1949-இல் பிறந்த டி.ஐ. சைக்கிள்ஸ், மோன்ட்ரா என்ற பெயரில் ரோடு சைக்கிள்களை இறக்கியது. கியர் பெரும்பாலும் ஜப்பானின் ஷிமானோதான்: கிளாரிஸில் பின்னால் 8 பல்சக்கரம், சோராவில் 9, புதிய 105-இல் 12. வெளிநாட்டிலிருந்து முழுதாக வந்திறங்கும் வண்டிக்கு இறக்குமதி வரியும் சேரும். 2023 பட்ஜெட்டில் அது 30 சதவீதத்திலிருந்து 35 ஆனது. கூடுதல் பணத்துக்கு உண்மையான பலன் தருவதாக நான் நினைப்பது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். மழையில் ரிம் பிரேக் வழுக்கும் அந்த ஓரிரு விநாடிக்கு விலை உண்டு.

கடற்கரைக்கென்று தனிப் பிரச்சினை உப்பு. கார்பன் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கார்பன் ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட்போஸ்ட் செருகி, இடையில் உப்பும் வியர்வையும் ஈரமும் இறங்கினால் அது ஒரு சிறு மின்கலமாகவே வேலை செய்யும். அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகி உப்பும்; பிறகு சீட்டை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆண்டுக்கு இருமுறையாவது கழற்றித் துடைத்து, அந்தப் பொருத்தத்துக்கு உரிய பசை தடவ வேண்டும். சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினை உலர்த்தி எண்ணெய் விடுவது எல்லா விலை வண்டிக்கும் பொது.

கடையில் பணம் கட்டுவதற்கு முன் ஹேங்கரைப் பற்றிக் கேளுங்கள். பின்கியரை ஃப்ரேமோடு இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு அது. வண்டி சரிந்தால் ஃப்ரேம் சேதமாகாதபடி தான் முதலில் வளைந்துகொடுக்கும். மாடலுக்கு மாடல் வடிவம் மாறுவதால் சாதாரண சைக்கிள் கடையில் கிடைப்பது அரிது. இருப்பில் உண்டு என்றால் வண்டியோடு சேர்த்தே ஒன்று வாங்கி, சீட்டுக்கடியில் உள்ள பையில் போட்டுவையுங்கள். வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும் என்று சொன்னால், எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் அடுத்த கடையையும் பார்க்கலாம்.