மணல் இறுகும்வரை

ஏப்ரல் கடைசியில் சுங்கை பூலோவின் சேற்றுத்திட்டுகள் வெறிச்சோடிவிடும். செப்டம்பரிலிருந்து அங்கே மொய்த்துக் கிடந்த உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் வடக்கே கிளம்பிப் போயிருக்கும். எங்கே போகின்றன என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது. தேசியப் பூங்காக் கழகத்தினர் சுங்கை பூலோவில் பிடித்து, செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட பவளக்காலிகளில் சில இமயமலையைத் தாண்டித் திபெத் மேட்டுநிலத்துக்குப் போயிருக்கின்றன. நூறு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள பறவை அது. அவை போனதும் சிங்கப்பூரில் பறவை பார்ப்பவர்களில் பலர் தொலைநோக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். அடுத்த செப்டம்பர்வரை அதற்கு வேலையில்லை.

இது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை. வந்துபோகும் விருந்தாளிகளை எண்ணுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது, இங்கேயே பிறந்து இங்கேயே முடியும் பறவைகளிடம் காட்டலாம். சித்திரையும் வைகாசியும் ஆனியும்தான் அவற்றில் பலவற்றுக்குக் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கும் மாதங்கள். அவற்றில் சில எங்கே கூடு வைக்கின்றன என்று பார்த்தால், இந்தத் தீவு எப்படி உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்து புரியும்.

நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிதான் தள்ளியிருக்கிறோம். இங்கே பறவைக்குக் காலம் எப்படித் தெரிகிறது? லண்டனில் டிசம்பர் பகலைவிட ஜூன் பகல் எட்டு மணி நேரத்துக்கும் மேல் நீளம். அது நீளத் தொடங்குவதை வைத்தே அங்குள்ள பறவையின் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. சிங்கப்பூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 9 நிமிடந்தான் வித்தியாசம். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், பனாமா மழைக்காட்டின் புள்ளி எறும்புப்பறவைகளுக்கு ஆய்வாளர்கள் செயற்கை ஒளியில் பகலை 17 நிமிடம் மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிறு மாற்றத்துக்கே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின. அதற்கும் முன்பே ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர், ஆப்பிரிக்காவின் நிலநடுக்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த சிறு புதர்ச்சிட்டுகளை மாறாத ஒளியில் ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். வெளியிலிருந்து எந்தத் தகவலும் கிடைக்காமலேயே அவை முறைப்படி இறகு உதிர்த்தன, இனப்பெருக்கத்துக்குத் தயாராயின. ஆனால் அந்தச் சுழற்சி பன்னிரண்டு மாதத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. உள்ளே ஓடும் நாட்காட்டியை வெளியே பெய்யும் மழையும் பூச்சிகளின் பெருக்கமும் பழம் பழுக்கும் காலமும் திருத்திக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. நம் ஊரிலும் அப்படித்தான் நடக்கவேண்டும். அதனால்தான் இங்கே இனப்பெருக்கம் ஒரே மாதத்தில் குவியாமல் நீண்டு பரவிக் கிடக்கிறது.

லிட்டில் இந்தியாவில் நின்றால் முதலில் கண்ணில் படுவது மைனாக் கூட்டம். அதில் பெரும்பாலானவை ஜாவா மைனாக்கள். 1920-களில் கூண்டுப் பறவையாக வந்தவற்றின் வழிவந்தவை இன்று தீவு முழுக்க நிறைந்திருக்கின்றன. அதே பறவை தன் சொந்த மண்ணான ஜாவாவில் பிடித்து விற்கப்பட்டே அருகிவருவதை நினைத்தால் மனம் கனக்கிறது. காகத்தின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. 1890-களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுவைத் தின்பதற்கென்று இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட வீட்டுக் காகங்கள், பிற்பாடு தெற்கே பரவின. காகம் பெருகியதும், அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பெருகியது. இன்று வீவக புளோக்குகளில் விடியுமுன்னே தூக்கத்தைக் கலைக்கும் அந்தக் கூவலுக்குப் பின்னால் ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது.

சிராங்கூன் சாலை அங்கிருந்து வடகிழக்காக நீள்கிறது. சிராங்கூன் ஆற்றுச் சதுப்பில் இருந்த ரங்கோங் என்னும் பறவையால் அந்தப் பெயர் வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். வழியில் பிடாடரி. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள் என எல்லாரும் அடக்கமான பழைய இடுகாடு அது. 1972-இல் மூடப்பட்டு, பிறகு கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்ட இடைவெளியில் மரங்கள் அடர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவான காடாக மாறியது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகளும் ஒரு பூங்காவும் இருக்கின்றன. ஒரு பயன்பாடு முடிந்து மறு பயன்பாடு தொடங்குமுன் நிலம் சில ஆண்டு சும்மா கிடக்கிறது. அந்தச் சில ஆண்டுகளைப் பறவைகள் எடுத்துக்கொள்கின்றன. சிங்கப்பூரில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

இன்னும் வடகிழக்கே போனால் ஆற்றங்கரையில் லோரோங் ஹாலுஸ். 1999 வரை நகரத்தின் குப்பையைக் கொட்டிய இடம். புதைந்த குப்பையில் ஊறும் கழிவுநீர் சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் கலந்துவிடாமல் நாணல் படுகைகள் வடிகட்டுகின்றன. அதைச் சுற்றியுள்ள புல்காட்டில் தூக்கணாங்குருவிகளைப் பார்க்கலாம். ஆண்குருவி நீண்ட புல்லின் ஓரத்தை அலகால் கடித்து, அப்படியே மேல்நோக்கிப் பறந்து, நாராகக் கிழித்தெடுக்கிறது. அந்த நாரை முடிச்சுப் போட்டு, வளையமாக்கி, பாதிக் கூடுவரை பின்னி நிறுத்திவிடும். பெண்குருவி வந்து உள்ளே நுழைந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிப் பாதியும் நுழைவுக் குழாயும் கட்டப்படும். பிடிக்காத கூடுகள் அரைகுறையாகத் தொங்கும். ஒரே ஆண்குருவி ஒரு பெண் அடைகாக்கத் தொடங்கியதும் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு துணையைத் தேடுகிறது என்பதைப் பம்பாய்க்கு அருகே கிஹிம் கிராமத்தில் 1930-இல் கவனித்து எழுதியவர் சலீம் அலி. கூட்டின் உட்சுவரில் அவை களிமண் உருண்டைகளை அப்புகின்றன. மின்மினியை விளக்காக ஒட்டிவைக்கும் என்று நம் பாட்டிமார் சொன்ன கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். களிமண்ணின் எடையால் கூடு காற்றில் அதிகம் ஆடாது என்பது ஆய்வாளர்களின் ஒரு விளக்கம். ஜூன் மாத அதிகாலைகளில் சுமத்ராவிலிருந்து புயல்காற்றும் மழையும் திடீரென அடித்துவிட்டுப் போகும் இந்த ஊரில் அந்த எடை உதவத்தான் செய்யும்.

சிராங்கூன் ஆறு கடலை எட்டும் இடத்துக்கு அப்பால் புலாவ் உபினுக்கும் நமக்கும் நடுவே உள்ள நீர்ப்பரப்புக்கு சிராங்கூன் துறைமுகம் என்று பெயர். படகுகளுக்கு மேலே செம்பருந்து வட்டமிடும். சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குப் போய்வரும் நம்மவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவைதான். துறைமுகத்து நீரில் மிதக்கும் செத்த மீன் அதற்கு முக்கியமான உணவு.

இங்கிலாந்தின் தென்கரையிலும் பூல் என்றொரு துறைமுகம் இருக்கிறது. அதைச் சுற்றி மணற்பாங்கான புதர்வெளிகள். கோடைத் தொடக்கத்தில் அந்தி சாயும் நேரத்தில் பக்கி என்னும் இரவுப் பறவைகளின் குரலைக் கேட்க ஆட்கள் அங்கே திரளுவார்கள். அந்தப் புதர்வெளிகளும் இயற்கையாக வந்தவையல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் காடழித்து, ஆடுமாடு மேய்த்ததால் உண்டானவை. இன்று அவை சட்டப் பாதுகாப்பில் உள்ளன. நம்மிடமும் மணற்புதர்வெளி உண்டு. நமது வெளிகளின் வயது பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்.

1960-களில் 580 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டியிருந்த சிங்கப்பூர், கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730 சதுர கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. தூர்த்த நிலத்தில் உடனே கட்ட முடியாது. கொட்டிய மணலுக்கு அடியில் கடலடிக் களிமண் கிடக்கிறது. அதன் நுண்துளைகளில் உள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும். செங்குத்தான வடிகால் பட்டைகளை ஆயிரக்கணக்கில் இறக்கி, மேலே கூடுதல் மணலைக் குவித்து அழுத்தி அதை விரைவுபடுத்துகிறார்கள். அப்படியும் ஆண்டுகள் ஆகும். சாங்கி கிழக்கில் 1990-களில் தூர்த்த பரப்பு பல ஆண்டுகள் வெறும் மணலாகவும் பிறகு புல்லாகவும் புதராகவும் கிடந்தது. துவாஸ் பக்கமும் அப்படியே.

மனிதர் எட்டிப் பார்க்காத அந்த மணலில் சிற்றாலாக்கள் வந்து இறங்கின. மஞ்சள் அலகில் கருப்பு நுனி, வெள்ளை நெற்றி, கையளவு உடல், ஐம்பது கிராம் எடை. ஆண் ஆலா நீரில் பாய்ந்து ஒரு சிறு மீனைப் பிடித்து வந்து பெண்ணின் முன்னால் நீட்டும். அவள் வாங்கிக்கொண்டால் குடித்தனம் உறுதி. கூடு என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. வயிற்றால் அமுக்கிய ஒரு குழி, அதில் மணல் நிறத்தில் இரண்டு மூன்று முட்டைகள். நண்பகல் மணலில் காலை வைக்க முடியாத சூட்டில், முட்டையைச் சூடாக வைத்திருப்பதைவிடக் குளிர வைத்திருப்பதுதான் பெரும் பாடு. 40 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் உள்ளே கரு செத்துவிடும். அதனால் ஆலா அடிக்கடி எழுந்து போய், நீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்கிறது. ஏறத்தாழ மூன்று வாரம் இப்படி. பிறகு குஞ்சுகள் பறக்க இன்னும் ஒரு மூன்று வாரம். பக்கத்திலேயே மலாய் உப்புக்கொத்தி இணையாக ஓடித் திரியும். வலசை போகாமல் வெப்பமண்டலக் கடற்கரை மணலிலேயே வாழ்ந்து முடிக்கும் உப்புக்கொத்தி அது. கடற்கரைகள் கைவிட்டுப் போகப்போக உலகளவில் அருகும் நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

மணலில் புல் முளைத்ததும் ஆலாக்கள் போய்விடும். அடுத்து ஆட்காட்டிகள் வரும். தஞ்சாவூர் வயல்வரப்பில் கேட்ட அதே அலறலை சாங்கியின் புல்வெளியில் கேட்கும்போது ஊர்நினைவு வராதவர்கள் இருக்க முடியாது. அந்தியில் புல்வெளிப் பக்கி எழும். விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் பூச்சிகளைத் துரத்திக்கொண்டு, சாட்டை சுழற்றும் ஒலியில் ஒற்றைச் சொல்லாகக் கூவும். பகலில் அது தரையில் கண்ணைக் கீற்றாகச் சுருக்கி, காய்ந்த இலையின் நிறத்தில் படுத்திருக்கும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. முட்டையை வெறும் தரையில் இடுகிறது. மிதிக்கும் அளவுக்கு நாம் நெருங்கிவிட்டால் சட்டென எழுந்து, இறகு முறிந்ததுபோல் தரையில் தத்தித் தத்தி நம்மை வேறு பக்கம் இழுத்துப் போகப் பார்க்கும். தைவானில் இதே பக்கி நகரத்து மொட்டைமாடிகளில் முட்டையிடப் பழகிவிட்டது. இங்கே அது தூர்த்த நிலத்தோடு சேர்ந்தே பரவியது. நிலம் இறுகியதும் சாலையும் ஓடுபாதையும் கொள்கலன் முற்றமும் வரும். பக்கி அடுத்த மணலைத் தேடிப் போகவேண்டும்.

கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு சிறிய நாட்டில் நிலத்துக்குள்ள நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் மண்வாரிகள் மார்ச்சில் இறங்குவதற்குப் பதில் ஆகஸ்டில் இறங்கலாம். ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும் நான்கைந்து ஏக்கரை அந்த ஒரு பருவத்துக்குக் கயிறு கட்டி ஒதுக்கலாம். இந்த நாடு இதைவிடக் கடினமான முடிவுகளை எடுத்திருக்கிறது. புலாவ் உபினின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவாவைத் தூர்க்கும் திட்டம் உறுதியாகியிருந்த நிலையில், மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எழுப்பிய குரலால் 2001-இன் இறுதியில் அது தள்ளிவைக்கப்பட்டது. அந்தத் தீவுக்கு இருவாச்சி 1994-இல் தானாகத் திரும்பி வந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன பறவை. பெரிய பொந்துள்ள மரங்கள் போதாததால், 2004-இல் தொடங்கிய திட்டத்தில் கூட்டுப்பெட்டிகள் தொங்கவிடப்பட்டன. பெண் இருவாச்சி உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் கீற்று வழியாக வாரக்கணக்கில் ஊட்டும். இன்று லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு அருகேகூட அதன் குரல் கேட்டால் யாரும் அதிர்ச்சியடைவதில்லை.

உபினில் இன்னொரு பறவை இருக்கிறது, வைக்கோல்தலைச் சின்னான். அதன் பாட்டுக்காகவே தென்கிழக்காசியா முழுக்கப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது முற்றிலும் ஒழிந்தது. 2018-இல் மிகவும் ஆபத்தான நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அதன் பன்னாட்டு வணிகம் அநேகமாக முழுதும் தடைசெய்யப்பட்டது. உலகில் மிஞ்சியவற்றில் கணிசமான பங்கு, சில நூறு பறவைகள், இந்தச் சின்னத் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் பிழைத்திருக்கின்றன.

ஜூனில் போகிறவர்களுக்கு: சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பம்போட் உபினுக்குக் கிளம்பும். காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் சின்னான்கள் இணையிணையாகப் பாடுவதைக் கேட்கலாம். பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைக்க வேண்டாம். கூடு காக்கும் நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அவை அலையும். மணற்கரைகளில் பூங்கா இணைப்புப் பாதையைவிட்டு இறங்காமல் வேலிக்கு இப்பால் நின்றே பாருங்கள். தலைக்கு மேலே ஓர் ஆலா கத்திக்கொண்டு சுற்றினால் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த காலடித் தடத்திலேயே பின்வாங்குங்கள். ஒரு கால் நகர்ந்தாலும் அங்கே குஞ்சு படுத்திருக்கலாம்.