பயிற்சியாளரா? நிர்வாகியா?

"கோச் நல்லவரா இருந்தா போதும்ப்பா, டீம் ஜெயிச்சிடும். ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களா பந்தை உதைக்கிறாங்க?" என்று என் மகன் ஒருநாள் கேட்டான். பட்டிமன்றத் தலைப்புப் போன்ற இக்கேள்விக்கு, நாம் குடியேறி வாழும் இந்த ஐதராபாத்திலேயே விடை இருக்கிறது. அதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் யாருக்கு என்ன வேலை என்று பார்ப்போம். ஆட்டக்காரர்களைப் பழக்குவதும், யாரை எந்த இடத்தில் ஆட வைப்பது என்று முடிவு செய்வதும் பயிற்சியாளர் பொறுப்பு. யாரை ஒப்பந்தம் செய்வது, என்ன சம்பளம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் நிர்வாகியின் பொறுப்பு. ஜெனரல் மேனேஜர், செயலாளர் என்று இடத்துக்கு இடம் பெயர்தான் மாறும்.

பயிற்சியாளர் என்றதும் இவ்வூரில் நினைவுக்கு வருபவர் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்சியில் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசையில் ஆட வைத்தார். இறுதியாட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அன்று கோல் காத்தவர் இவ்வூரில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டே அணியை நடத்திய ரஹீம், மறு ஆண்டு காலமானார்.

"பாத்தீங்களா, கோச்தான்!" என்றான் மகன். ஆனால் ரஹீம் வெறும் பயிற்சியாளர் அல்லர். 1943 முதல் இறக்கும் வரை ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரும் அவரே. செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமிடம், பயிற்சிக்கு ஐதராபாத் வந்துபோகக் காசில்லை. சைக்கிள் வாடகைக்கு ரஹீமே பணம் கொடுத்தார் என்று சொல்வார்கள். அது நிர்வாகி செய்யவேண்டிய வேலை. ஆட்டக்காரர்களுக்குக் காவல்துறை உத்தியோகம் கொடுத்ததால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதுவும் நிர்வாகந்தான்.

இரண்டும் தனித்தனிக் கைகளுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் காலத்திலேயே பார்த்துவிட்டோம். 2019இல் ஐதராபாத் எஃப்.சி. தொடங்கியது. நானும் மகனும் கச்சிபௌலி மைதானத்துக்குப் போனோம். மஞ்சள் சட்டை ஒன்று கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். முதல் ஆண்டு கடைசி இடம். அடுத்த ஆண்டு ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்கஸ் பயிற்சியாளராக வந்தார். இளைஞர்களுக்கு வாய்ப்பளித்தார். 2022 மார்ச் 20 அன்று கோவாவில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை பெனால்டியில் வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பை நம் ஊருக்கு வந்தது. அதுவரை மகன் கட்சிதான் ஓங்கியிருந்தது.

பிறகு வந்தது பணத் தட்டுப்பாடு. சம்பளப் பாக்கி சேர்ந்தது. புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்க ஃபிஃபா தடை விதித்தது. மார்க்கஸ் 2023இல் கோவா அணிக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். 2023-24இல் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி; மீண்டும் கடைசி இடம். உரிமையாளர் மாறியும் பயனில்லை. 2025இல் அந்த அணி டெல்லிக்குக் குடிபெயர்ந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. அன்று மகன் ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கடைசி இடத்திலிருந்த அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சித்திரம் எழுதிய சுவரே இடிந்துவிட்டது. வெற்றிக்குப் பயிற்சியாளர் முக்கியம், அணி நிலைத்து நிற்க நிர்வாகி முக்கியம். இரண்டில் ஒன்றைச் சொல்லென்றால், என் ஓட்டு நிர்வாகிக்கே.

நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அணி சேர்த்து ஆடுகிறார்கள். கோல் அடித்தவனுக்கும் சொல்லிக்கொடுத்தவருக்கும் கைதட்டுகிறோம். மைதானத்துக்கு அனுமதி வாங்கி, வீடு வீடாகப் பணம் வசூலித்து, பந்துக்குக் காற்றடித்து வைப்பவரையும் அடுத்த முறை ஒரு வார்த்தை பாராட்டுவோமே.