தோழியையும் கூட்டி வா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் கொலுசு வேலை, ஒரே சுய உதவிக் குழு, ஒரே அளவு கடன். ஐந்து வருடம் கழித்து ஒருத்தி சொந்தப் பட்டறை போட்டிருக்கிறாள். மற்றவள் இன்னும் கூலிக்குத்தான் செய்கிறாள். ‘அவளுக்குக் கைராசிங்க’ என்று தெரு சொல்லிவிடும்.

அந்தக் கைராசியைப் பாடம் நடத்தி வரவழைக்க முடியுமா? மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் முயன்று பார்த்தார்கள். தலைநகர் லோமேயில் சிறுதொழில் செய்யும் 1,500 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை என வழக்கமான பாடம். இன்னொன்றுக்கு மனப்பழக்கம்: யாரும் சொல்லாமலே இறங்குவது, பக்கத்துக் கடையில் இல்லாததைத் தேடுவது, தடை வந்தால் வேறு வழி பார்ப்பது. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வந்தது. மூன்றாம் பிரிவோடு ஒப்பிட்டால், வழக்கமான பாடம் படித்த பெண்களின் லாபம் 5 சதவீதம்தான் கூடியிருந்தது. மனப்பழக்கம் பயின்ற பெண்களுக்கு 40 சதவீதம். கல்யாண உடையை வாடகைக்கு விட்டுவந்த ஒரு பெண், மணப்பெண்கள் கையுறைக்கும் கழுத்தணிக்கும் வேறு கடை தேடி அலைவதைக் கவனித்து, அவற்றையும் விற்கத் தொடங்கினார். அதற்காகக் கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

என்னை அதைவிட யோசிக்க வைத்தது அகமதாபாத்தில் நடந்த இன்னொரு ஆய்வு. அங்கே சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி நடந்தது. சிலரைத் தனியாக வரச்சொன்னார்கள். சிலரை ஒரு தோழியோடு. பாடம் ஒன்றேதான். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், தோழியோடு வந்தவர்களிடம்தான் தொழில் சூடு பிடித்திருந்தது. வெளியே போய்வரக் கட்டுப்பாடு மிகுந்த சமூகத்துப் பெண்களிடம் மாற்றம் இன்னும் பெரிது. துணிச்சல் என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுடையது போலும்.

நம் பக்கத்தில், தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கு வந்தது. குழு என்றால் சேமிப்பு, கடன், தவணை என்றே பேசிப் பழகிவிட்டோம். பேங்குக்கு நாலு பேராகச் சேர்ந்து போனதைக் கணக்கில் எழுதியவர் யார்?

லோமேயிலும் அகமதாபாத்திலும் ஆராய்ந்தது சிறுதொழில்களைத்தான். ஆனால் சேலம் ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் மென்பொருள் நிறுவனம் தொடங்க நினைப்பவளும் அதே மாதிரி வீட்டிலிருந்துதான் கிளம்புகிறாள். பயிற்சி முகாம் நோட்டீஸில் ஆதார் நகல், இரண்டு போட்டோ கொண்டுவரச் சொல்கிறார்கள். ‘தோழி ஒருத்தியும்’ என்று சேர்த்தால் அச்சுக்கூலி ஏறிவிடாது.