ஜெர்மன் கம்பெனியை வாங்கிட்டாங்களாம்... காசு யாருது?

"ஜெர்மன் நிறுவனத்தை வாங்கியது இந்திய உதிரிபாகக் கம்பெனி." இந்த மாதிரி தலைப்பு வந்தா நமக்கும் பெருமையாத்தான் இருக்கும், உடனே ஷேர் ஆப்பைத் திறப்போம். வாங்கின காசு எங்கிருந்து வந்ததுன்னு மட்டும் பெரும்பாலும் பார்க்கறதில்லை.

ஏன் வாங்குறாங்க? பெரிய கார் கம்பெனிகள் புது சப்ளையரை லேசுல சேர்க்க மாட்டாங்க. சோதனை, அனுமதின்னு வருஷக்கணக்கில் இழுக்கும். ஏற்கனவே சப்ளை பண்றவரை வாங்கிட்டா வாடிக்கையாளரும் டெக்னாலஜியும் சேர்ந்தே வரும். 1911-ல் மதுரையில் தொடங்கின நம்ம டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸோட இங்கிலாந்து ரேடியேட்டர் மூடி இயந்திரங்களை வாங்கிக் கொண்டுவந்து, அந்த ஜிஎம்முக்கே சப்ளை பண்ணாங்க. சீனாவின் ஜாய்சன் 2011-ல் ஜெர்மனியின் ப்ரேயை வாங்கினதும், 2018-ல் திவாலான டகாட்டாவின் சொத்துகளை வாங்கினதும் இதே கணக்குதான்.

இப்போ ஆம்டெக் ஆட்டோ. 2013-ல் ஜெர்மனியின் டெக்ஃபோர் உட்பட வரிசையா வாங்கிக்கிட்டே போனாங்க, பெரும்பாலும் கடன்ல. ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 கோடி கடன், 9% வட்டின்னா வருஷத்துக்கு 90 கோடி. வாங்கின கம்பெனி 60 கோடிதான் சம்பாதிச்சா மீதி 30 கோடியை இந்தியத் தொழில் தூக்கணும். வண்டி விற்பனை படுத்தாலும் வட்டி படுக்காது.

2015 ஆகஸ்டில் ஆம்டெக்கின் ரேட்டிங் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாசமே 800 கோடி ரூபாய் பாண்டைத் திருப்பிக் கொடுக்க முடியல. அந்த பாண்டை ஜேபி மார்கன் மியூச்சுவல் ஃபண்டின் ரெண்டு கடன் ஃபண்டுகள் வச்சிருந்தன. ஆம்டெக் ஷேரை ஒண்ணுகூட வாங்காத, "ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரிதான் சார்"னு நம்பிப் போட்ட ஆட்களுக்கும் அடி! மொத்த யூனிட்டில் ஒரு நாளைக்கு 1 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு. 2017-ல் ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கைக்கு அனுப்பச் சொன்ன முதல் 12 பெரிய கணக்குகளில் ஆம்டெக்கும் ஒண்ணு.

இதுக்கப்புறம் செபி, 2016 பிப்ரவரியில் ஒரே கம்பெனியின் கடனில் ஒரு ஃபண்ட் போடக்கூடிய வரம்பை 15-லிருந்து 10 சதவீதமாக் குறைச்சது. டிரஸ்டிகள் ஒப்புக்கிட்டா 12 வரை போகலாம்னு அப்போ வச்சாங்க.

ஆண்டறிக்கையைத் திறந்தா நான் தனிக்கணக்கை ஓரமா வச்சுட்டு ஒருங்கிணைந்த கணக்குக்குத்தான் போவேன். வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் பேர்ல இருக்கும் கடன் அங்கதான் தெரியும். அதுக்குத் தாய் கம்பெனி கையெழுத்துப் போட்ட உத்தரவாதம், தாய் கம்பெனியோட தனிக்கணக்கின் 'நிகழக்கூடிய பொறுப்புகள்' குறிப்புல பொடி எழுத்தில் இருக்கும். கடன் ஃபண்ட் வச்சிருக்கீங்களா? மாசாமாசம் ஃபண்ட் கம்பெனி போடுற போர்ட்ஃபோலியோ பட்டியல்ல ரேட்டிங் காலத்தை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழ ஓட்டிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.