அப்புவைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

வயது போனவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், "அறளை பேந்திட்டுது" என்று சிரித்துவிட்டுப் போவது எமது வழக்கம். ஆனால் இது முதுமையின் குணமன்று. மூளையைப் பாதிக்கும் நோய். வைத்தியர்கள் டிமென்ஷியா என்பர். அல்சைமர் நோயே இதற்கு முதன்மையான காரணம். அதை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. என்றாலும் தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு என்பனவும் இதேபோன்ற மறதியைத் தரக்கூடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே ஒருமுறையேனும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது அவசியம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்நோய் இன்னொரு பாரத்தையும் தருகிறது. அண்மைக் கால நினைவுகளே முதலில் அழிகின்றன. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்த முதியவருக்கு, இப்போதிருக்கும் வீடு மறந்து, விட்டு வந்த வீடே நினைவில் நிற்கலாம். பொழுதுபடும் நேரம் குழப்பம் கூடும். "வீட்டை போவம், மாடு அவிட்டுக் கட்ட வேணும்" என்று படலையைத் திறப்பார். "அந்த வீடு இப்ப இல்லை அப்பு" என்று விளக்கினால், அது அவருக்கு ஒவ்வொரு நாளும் புதிய இழப்பு. "போவம் அப்பு, முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. எத்தினை மாடு நிண்டது?" என்று கேட்டுப் பாருங்கள். கதை மாட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும்; அவசரமும் தணியும். வளவில் கட்டில்லாத கிணறு இருந்தால் மூடிவையுங்கள்.

இவ்வளவையும் செய்பவர் யார்? பெரும்பாலும் மகள், அல்லது மருமகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, இந்நோயாளரைப் பராமரிக்கும் நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. இரவில் நித்திரை இல்லை. விடிந்தால் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. ஒருநாள் பொறுமையிழந்து ஏசிவிட்டால் ஊர் அவரைத்தான் குறை சொல்லும். குறை சொல்லும் அந்த ஊர் அரை மணி நேரம் வந்து அப்புவுடன் இருந்தால், அவர் ஆறுதலாகக் குளித்துச் சாப்பிடலாமே!

சகோதரர்கள் கிழமையில் இரண்டு இரவாவது முறைவைத்துக் காவல் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவது நல்லது. ஆனால் காசு இரவில் விழித்திருக்காது. பராமரிப்பவருக்கு இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை இருந்தால் அவரும் நோயாளியே. மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. ஓரிரு நாளில் முதியவரின் குழப்பம் திடீரெனக் கூடினால், மறதிதானே என்று இருந்துவிடாதீர்கள். சலத்தில் கிருமித்தொற்றாகவோ உடலில் நீர் குறைந்ததாகவோ இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.