பிளவுற்ற பாறையில் கிடைமட்டத் துளையிடல்: நெய்வேலி, திருவதிகை வட்டார நிலத்தடி நீரை முன்வைத்து

நிலத்தடி எண்ணெய் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதன்று. பாறையின் நுண்துளைகளில் செறிந்திருப்பது. 1969இல் வடகடலில் கண்டறியப்பட்ட எக்கோஃபிஸ்க் வயலின் சீமைச்சுண்ணப் பாறையில் 30 விழுக்காட்டுக்கும் மேல் துளைவெளியே. எனினும் அத்துளைகள் மிக நுண்ணியவையாதலால் எண்ணெய் எளிதில் நகராது. அதற்கு வழியமைப்பவை பாறையின் இயற்கைப் பிளவுகளே.

இப்பிளவுகள் பெரும்பாலும் செங்குத்தாக அமைந்தவை. இரு பிளவுகளுக்கு இடையே நேராக இறங்கும் கிணறு எதையும் தொடாமலே போகலாம். சற்றுத் தள்ளித் தோண்டியது பெருகி ஊறலாம். டெக்சாசின் ஆஸ்டின் சுண்ணப்பாறையில் இத்தகைய குருட்டு நல்வாய்ப்பே நெடுங்காலம் நிலவியது. 1980களின் இறுதியில் பரவிய கிடைமட்டத் துளையிடல் இந்நிலையை மாற்றியது. துளைமுனை குறித்த ஆழத்தில் சிறுகச் சிறுக வளைக்கப்பட்டு, பிளவுகளின் திசைக்குக் குறுக்காகச் செலுத்தப்படுகிறது. ஒரே கிணறு பல பிளவுகளை வெட்டிச் செல்கிறது. நீரழுத்தத்தால் பாறையைப் புதிதாகப் பிளக்கும் முறை இதனின்று வேறானது. பொதுவிவாதங்களில் இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன.

காவிரிப் படுகையில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைகளுக்கே பயன்படுகிறது. ஆயினும் சீர்காழி வட்டத்து மாதானத்தில் எண்ணெய் பிளவுற்ற அடித்தளப் பாறையிலிருந்து கிடைக்கிறது. பாறை வேறு, பிளவைத் தேடும் சிக்கல் ஒன்றே.

நெய்வேலி, பண்ருட்டி, திருவதிகை வட்டாரத்தில் வினா நீரைப் பற்றியதாகிறது. இங்கே கடலூர் மணற்கல் தொகுதி வேளாண்மைக்கும் குடிநீருக்கும் ஆதாரம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படிவின் அடியில் நீர் மிகுந்த அழுத்தத்துடன் இருப்பதால், அதை இடைவிடாது இறைத்தே சுரங்கம் நடைபெறுகிறது. இந்நிலையில் ஆழ்துளை எண்ணெய்க் கிணறு எழுப்பும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் அச்சத்தின் இலக்கு பெரும்பாலும் தவறிவிடுகிறது. கிணற்றின் கிடைப்பகுதி நீர்தாங்கிக்கு வெகு ஆழத்தில் அமைகிறது. நீர்தாங்கியைக் கடப்பது அதன் செங்குத்துப் பகுதியே. எனவே எஃகுக் குழாய்க்கும் பாறைக்கும் இடைப்பட்ட சிமெண்டு அடைப்பின் தரமே முதலில் ஆராயத்தக்கது. அடுத்தது, எண்ணெயுடன் மேலேறும் உவர்நீர். பிளவு அடியிலுள்ள நீரடுக்கைத் தொட்டிருந்தால் அந்நீர் விரைவில் மிகும். அதனை எங்கே விடுவது என்பது கிணற்றுக்கு வெளியிலுள்ள சிக்கல்.

2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், கடலூர் மாவட்டத்தின் புவனகிரி, பரங்கிப்பேட்டை உள்ளிட்ட ஐந்து ஒன்றியங்களில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வைத் தடைசெய்கிறது. பண்ருட்டி அவற்றுள் இல்லை. நிலத்தடி நீரோ ஒன்றிய எல்லையறிந்து ஓடுவதில்லை.