பன்னிரண்டு தடவை தூக்கி இறக்க

மாதம் 10,000 ரூபாய். 2025 ஏப்ரலில் இருந்து இலங்கையில் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு இவ்வளவு. 2024-இல் 7,500, அதற்கு முன் 5,000. நாளுக்குப் பிரித்தால் 333 ரூபாய் வரும். இந்த 333 ரூபாய்க்காக உத்தியோகத்தர் விசாரிக்க வருகிறார், வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்று தகவல் வந்த நாளில் இருந்து வீட்டில் ஒருவருக்கு நித்திரை போய்விடும். வைத்தியர்கள் பதகளிப்பு என்பார்கள். அதில் மனதின் பங்கு எவ்வளவு, பயணத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

யாழ். தீவகத்தின் நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். பிரதேச செயலகம் தீவிலேயே இருக்கிறது. விசேட வைத்தியரின் கையெழுத்து வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் இருந்து இறங்குதுறைக்கு ஓட்டோ, குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல், பிறகு பண்ணைப் பாலத்தைத் தாண்டி 30 கிலோமீற்றருக்கு மேல் பஸ். வாகனம் மூன்று. நடக்க முடியாதவரை ஒவ்வொன்றிலும் ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை. போக 6, வர 6. அலையில் ஆடும் வள்ளத்துக்கும் துறைக்கும் இடையில் சக்கர நாற்காலியைக் கைமாற்றிப் பார்த்தவருக்குத்தான் இந்த 12 என்ன என்று தெரியும்.

நயினாதீவாருக்குக் கடல் கால் மணி நேரம். ஆனால் அவர்களுடைய பிரதேச செயலகமே வேலணையில். ஊர்காவற்றுறையாருக்குக் கடல் இல்லை.

இனிக் காசு. துணைக்கு வருபவர் இழக்கும் கூலி 3,000, இரண்டு பேரின் போக்குவரத்தும் சாப்பாடும் 1,500 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 4,500, ஒரு மாதக் கொடுப்பனவில் 45 வீதம். ஒரு கடதாசி குறைகிறது, திரும்ப வாருங்கள் என்றால் 9,000. "எல்லாம் எடுத்தாச்சா?" என்று அம்மா இரவில் மூன்று முறை பையைத் திறந்து பார்ப்பதை வருத்தம் என்று சொல்லிவிட முடியாது. அவர் 4,500 ரூபாயைக் காவல் காக்கிறார்.

கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்கும் அடிப்படை உண்டு. 2012 குடிசனக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 16,17,924 பேர், அதாவது 8.7 வீதத்தினர், பார்வை, கேட்டல், நடத்தல், நினைவு, தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் ஆகிய ஆறில் ஏதாவது ஒன்றில் கஷ்டம் இருப்பதாகச் சொன்னார்கள். இலேசான கஷ்டமும் இதில் அடங்கும். 2023-இல் கொடுப்பனவுக்கு ஒதுக்கிய இடம் 72,000. நூற்றுக்கு நாலரைகூட இல்லை.

இவ்வளவும் வெறும் மனசின் மேல் வந்து விழவில்லை. போர் முடிந்த கையோடு, 2009 நடுப்பகுதியில், யாழ். மாவட்டத்தில் 1,409 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. 32.6 வீதத்தினரிடம் பதகளிப்பின் அறிகுறிகள் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் அது 48.5 வீதம். தீவகமோ தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஊர் ஊராக இடம்பெயர்ந்த மண். பெயர்ப்பட்டியல், வரிசை, மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்கும் ஆள்: இவை பழைய பயங்களைக் கிளப்பினால் அதில் புதினம் இல்லை.

என்ன செய்யலாம்? ஒரு பயிற்சிக் கொப்பி வாங்குங்கள். இரண்டு கிழமைக்கு, எது முடியவில்லை என்று தினமும் இரண்டு வரி எழுதுங்கள். இலண்டனில் இருக்கும் புங்குடுதீவு உறவுகளிடம் கேட்டால் அங்கத்தைய மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு முறையைச் சொல்வார்கள். அங்கே 12 செயல்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அந்த முறையின் சட்டம் கேட்கும் நான்கு கேள்விகள். ஒரு வேலையை ஆபத்தில்லாமல் செய்ய முடியுமா? ஒழுங்காக? தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப? நியாயமான நேரத்துக்குள்? கிணற்றடிக்கு நடப்பீர்களா என்று கேட்டால் "ஓம்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். மரியாதைக்கும் சொல்வோம், ரோசத்துக்கும் சொல்வோம். "ஒருக்கா நடப்பன், பிறகு பின்னேரம் வரை படுக்கை" என்பதே முழு விடை. பத்து நிமிடம் பார்க்கும் உத்தியோகத்தர் அந்தப் பின்னேரத்தைக் காணமாட்டார். கொப்பி காட்டும்.

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோப் பிரதி. ஒன்று பையில், ஒன்று வீட்டில். பையை முதல்நாள் மாலையே கட்டி, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். படபடப்பு நெஞ்சுக்குள் நிற்காமல் நித்திரையையும் சாப்பாட்டையும் பறித்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926-க்கு அழைக்கலாம்.

மறுத்துவிட்டால்? அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கிய 2023-இல் வந்த மேன்முறையீடுகள் 10 இலட்சத்தை ஒட்டின. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், திகதியோடு.

கடல் கொந்தளித்து வள்ளம் ஓடாத நாள் வரும். அன்று காலையிலேயே விதானையாருக்கும் கிளினிக்குக்கும் போன் எடுத்து, அழைத்த நேரத்தையும் பேசியவரின் பதவியையும் அதே கொப்பியில் குறித்துவிட வேண்டும். அடுத்த திகதி கேட்கும்போது அந்த வரி கைகொடுக்கும்.